கண்ணை நடத்திச் சென்ற ஓவியர்

ஓவியம் அசைவதில்லை, அதைக் காணும் கண்தான் அசைகிறது. அந்தக் கண்ணை எங்கே தொடங்கி எங்கே கொண்டுசேர்ப்பது என்பதை நன்கறிந்தவர் பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ. பௌதிகம் பயிலும் நான் விசையின் திசையை அம்புக்குறியால் காட்டுகிறேன். அவரோ மனிதர்களின் கைகளாலேயே காட்டினார்.

1791இல் ரூவான் நகரில் பிறந்த அவருக்குக் குதிரைகள்மீது தீராத காதல். 1812இல், பாயும் குதிரைமேல் திரும்பி நோக்கும் படைவீரனைத் தீட்டிப் பாரிஸ் கண்காட்சியில் பெயர்பெற்றார்.

1816 ஜூலையில் 'மெடூசா' என்னும் பிரெஞ்சுக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையருகே மணல்திட்டில் சிக்கியது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கடற்பணியை விட்டிருந்த ஒருவர், அரசியல் செல்வாக்கால் அதன் தலைவராக்கப்பட்டிருந்தார். படகுகளில் இடமில்லாத ஏறத்தாழ 150 பேரை மரத்தெப்பத்தில் ஏற்றினர். இழுத்துச்சென்ற படகுகளோ கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட்டன. 13 நாள் கழித்து 'ஆர்கஸ்' என்னும் கப்பல் வந்து மீட்டபோது உயிரோடிருந்தவர் 15 பேரே.

தப்பியவர்களிடம் ஜெரிக்கோ நேரில் கேட்டறிந்தார். அவர்களுள் ஒருவரான தச்சரைக்கொண்டே தெப்பத்தின் மாதிரியைச் செய்வித்தார். மருத்துவமனை சென்று பிணங்களை ஆராய்ந்தார். தலையை மழித்துக்கொண்டு, ஊர் உறவை மறந்து, மாதக்கணக்கில் உழைத்தார். 1819இல், 16 அடி உயரமும் 23 அடிக்கு மேல் அகலமும் கொண்ட கித்தானில் ஓவியம் முடிந்தது.

அச்சுப்படத்தில்தான் நான் அதைக் கண்டிருக்கிறேன். அதிலும் பார்வை செல்லும் பாதை தெளிவாகவே இருக்கிறது. இடப்புறம் கீழே, இறந்த இளைஞனைத் தாங்கியபடி ஒரு முதியவர். அங்கிருந்து தவழும் உடல், நிமிரும் முதுகு, நீளும் கை எனக் கண் வலப்புறம் மேலேறுகிறது. உச்சியில் கறுப்பு மனிதர் ஒருவர் துணியை வீசுகிறார். அவர் நோக்கும் திசையில், அடிவானில், கடுகளவாய் ஆர்கஸ்! ஆனால் பாயை நிறைத்த காற்று, தெப்பத்தை இடப்புறம் எழும் அலையை நோக்கித் தள்ளுகிறது. எதிரெதிரான இரு விசைகளுக்கிடையே நம் கண் தவிக்கிறது. உண்மையிலும் அக்கப்பல் முதலில் தோன்றி மறைந்தது. பின்னரே திரும்பி வந்தது. மீட்பு உறுதியாகாத அந்த முதல் நொடியையே அவர் தேர்ந்துகொண்டார்.

அப்போது அரசு ஓவியத்தை வாங்கவில்லை. 1820இல் லண்டனில் மக்கள் திரண்டு வந்து கண்டனர். குதிரையிலிருந்து விழுந்த காயமும் நோயும் வாட்ட, 1824 ஜனவரியில், 32ஆம் வயதில் ஜெரிக்கோ மறைந்தார். அவ்வாண்டே ஓவியம் பாரிஸின் லூவர் காட்சியகத்தை அடைந்தது.

நண்பர்களே, கயிற்றை விட்டவர்கள் அந்தக் கித்தானில் எங்குமே இல்லை. கைவிடப்பட்டவர்களே அதை நிறைத்து நிற்கிறார்கள். 200 ஆண்டுகளாக, காண்போர் கண்ணெல்லாம் அவர்களோடு சேர்ந்து அந்தச் சிறு கப்பலைத் தேடுகிறது.