ஸான்ஸிபாரில் சில தினங்கள்

1893-ம் வருஷம் ஏப்ரலில், 23 வயதினரான மோகன்தாஸ் காந்தி ஒரு வழக்கின் பொருட்டுத் தன்னந்தனியே பம்பாயில் கப்பலேறினார். ஸான்ஸிபாரில் வேறு கப்பலுக்கு மாறவேண்டியிருந்தமையால், சில தினங்கள் நகரில் அறை அமர்த்தித் தங்கினார். அந்நாட்டு மரங்களின் உயரமும் பழங்களின் பருமனும் அவரை வியப்பிலாழ்த்தின.

கப்பலில் சதுரங்கமாடிச் சிநேகமான காப்டன், உலாவப் போகலாமென்று அழைத்துச் சென்றது விலைமாதர் இல்லத்திற்கு! இளைஞர் அறைக்குள் நாணத்தால் ஊமையாய் நின்று, சென்றபடியே வெளிவந்தார். தாம் தப்பியது தெய்வச் செயலே. உள்ளே நுழைய மறுக்கும் துணிவின்மையே தமது குற்றமென்று பிற்காலத்தில் சுயசரிதையில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். வக்கீல்களாகிய நம்மில் எத்தனைபேர் இவ்வாறு எழுதுவோம்?

மே மாத இறுதியில் நேட்டால் சேர்ந்தார். சில தினங்களுக்கெல்லாம் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்பு டிக்கட்டுடன் அமர்ந்திருந்தவரை இறங்கச் சொன்னார்கள். தாமாக இறங்க மறுத்தார். போலீஸ்காரன் பிடித்துத் தள்ளவேண்டியதாயிற்று.