நிறத்துவேஷம் என்னும் மனநோய்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் வாழும் நமக்கு அருவிக் குளியல் புதுமையன்று. அந்த அருவிவரை வந்தும் குளிக்காமல் திரும்பிய ஒரு பெரியாரின் வாழ்வை இங்கே நினைவுகூர்வோம். அவர்கள்தாம் காந்தியடிகள்.

1869-இல் போர்பந்தரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டரான அடிகள், 1893-இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார்கள். முதல் வகுப்புச் சீட்டு இருந்தும் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். தோலின் நிறமே குற்றமாயிற்று!

பின்னர் பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேய நாவிதர் அவர்களுக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். அடிகள் தாமே கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்டார்கள். பின்பக்கம் கோணலாகிப்போக, நீதிமன்றத்தில் நண்பர்கள் நகைத்தார்கள். ஆனால் அடிகள் அந்த நாவிதரைக் கோபிக்கவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் மற்ற வாடிக்கையாளர்கள் வரமாட்டார்களே என்ற அச்சம் அவருக்கு. நம் நாட்டிலும் தாழ்த்தப்பட்டோருக்கு முடிவெட்ட நாவிதரை நாம் விடுவதில்லையே என்று எண்ணிப் பார்த்தார்கள். துவேஷத்தின் வேர் எங்கே இருக்கிறது, பாருங்கள்! பலரிடம் அது வெறுப்புக்கூட அன்று; நாலுபேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

அடிபட்டவரையும் இந்நோய் பற்றும். நேட்டாலில் ஆரம்ப ஆண்டுகளில், இந்தியரை ஆப்பிரிக்கரோடு ஒன்றாக எண்ணுவது இழிவு என்று அடிகளே எழுதியதுண்டு. தம்மேல் விழுந்த அடி தெரிந்தது. தாம் பிறரைத் தாழ்த்துவது தெரியவில்லை. 1906-இல் ஸூலு மக்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, அவர்கள் தலைமையில் சென்ற இந்தியத் தொண்டர் படை, வெள்ளையர் கவனிக்க மறுத்த ஸூலுக்களின் புண்களைக் கழுவிக் கட்டியது. எட்ட நின்றபோது இருந்த இகழ்ச்சி, தொட்டுப் பணி செய்தபோது கரையத் தொடங்கியது.

1915-இல் தாயகம் திரும்பியதும், அகமதாபாத் ஆசிரமத்தில் தீண்டப்படாதார் எனப்பட்ட குடும்பமொன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நன்கொடை நின்றது, கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் தகராறு வந்தது. அடிகள் அசையவில்லை.

1934-இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் குற்றாலம் வந்தார்கள். தாழ்த்தப்பட்டோர் அருவியில் குளிக்க முடியாது என்று அறிந்ததும், தாமும் குளிக்க மறுத்துவிட்டார்கள். பிறருக்கு இல்லாத சுகம் தமக்கும் வேண்டாம் என்பதே அவர்கள் கண்ட மருந்து. 1948 ஜனவரி 30 அன்று டில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே! மக்கா வெற்றியன்று கஃபாவின் மீது பாங்கு சொல்லும் சிறப்பு, அடிமையாயிருந்த அபிசீனியரான பிலால் (ரலி) அவர்களுக்கே கிடைத்தது. அந்த வரலாற்றைப் பெருமையோடு பேசுகிறோம். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறோம். வீடு திரும்பியதும், வேலைக்கு வருபவருக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறோமா? பெண் பார்க்கப் போனால் நிறம் கேட்கிறோமா? ஸஃப்பில் கற்ற சமத்துவம் நம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.