55 ஆண்டுகள் காத்திருந்த டாக்டர்

குட்டீஸ், உங்கள் வீட்டுக் கோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கால்நடை மருத்துவரிடம் தூக்கிக் கொண்டு ஓடுவீர்கள். 1909ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெண்மணி, நெஞ்சில் பெரிய கட்டியோடு இருந்த தன் கோழியை நேராக நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்துக்கே எடுத்துச் சென்று விட்டார்! கறுப்பு வெள்ளை வரி போட்ட இறகுகள் கொண்ட, 'பிளைமவுத் ராக்' இனத்துப் பெட்டைக்கோழி அது. அதை வாங்கிப் பார்த்தவர் பெய்டன் ரவுஸ் என்ற இளம் டாக்டர்.

ரவுஸ் 1879ம் ஆண்டு அக்டோபர் 5ம் தேதி பால்டிமோர் நகரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்து விட்டார். அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த உறவினர்களிடம் போயிருந்தால் கஷ்டம் குறைந்திருக்கும். ஆனால், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கிடைக்க வேண்டும் என்று பால்டிமோரிலேயே தங்கி விட்டார் அந்த அம்மா.

மகன் மருத்துவம் படிக்கப் போனார். அங்கே ஓர் ஆபத்து! காசநோயால் இறந்தவரின் உடலைப் பரிசோதித்தபோது, எலும்பு குத்தி விரலில் காயம் பட்டது. காசநோய் அவருக்கும் தொற்றியது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு இன்றைய மருந்துகள் எதுவும் கிடையாது. அக்குளில் வீங்கியிருந்த சுரப்பிகளை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பிறகு, டெக்சாசில் இருந்த பண்ணைக்கு அவரை அனுப்பி வைத்தார்கள். டாக்டராக வேண்டியவர், ஒரு வருடம் குதிரை மேல் ஏறி மாடு மேய்த்தார்! உடம்பு தேறித் திரும்பி வந்து, 1905ல் பட்டம் வாங்கினார். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பதை விட ஆராய்ச்சிதான் தமக்கு ஏற்றது என்று முடிவு செய்தார்.

சரி, கோழிக்கு வருவோம்.

கட்டியைப் பரிசோதித்தபோது அது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. ரவுஸ் அதில் ஒரு துண்டை எடுத்து நன்றாக அரைத்து, சாறாக்கி, மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் வடிகட்டினார். செல்களும் சரி, பாக்டீரியாக்களும் சரி, அந்த வடிகட்டியைத் தாண்ட முடியாது. வடிந்த தெளிந்த நீரை அதே இனத்தைச் சேர்ந்த வேறு கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது! அப்படியென்றால், பாக்டீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று அந்த நீரில் இருக்க வேண்டும். அதுதான் வைரஸ். 1911ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

பாராட்டு மழை பொழிந்ததா? இல்லை. புற்றுநோய் தொற்றி வருகிற நோய் அல்ல என்பதை டாக்டர்கள் பார்த்தே அறிந்திருந்தார்கள். ஆகவே, வடிகட்டியில் ஓட்டை இருந்திருக்கும் என்றார்கள் சிலர். கோழிக்கு வந்தது உண்மையான புற்றுநோயே இல்லை என்றார்கள் வேறு சிலர். எலிகளிலும் இதே போல வைரஸைக் கண்டுபிடிக்க ரவுஸ் முயன்றார், முடியவில்லை. மனம் சோர்ந்து, 1915 வாக்கில் அந்த ஆராய்ச்சியையே விட்டு விட்டார்.

அப்போது முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. உடம்பிலிருந்து எடுத்த ரத்தம் சீக்கிரம் உறைந்து கெட்டு விடும். சிட்ரேட் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலில் வைத்தால் ரத்த அணுக்கள் வாரக்கணக்கில் கெடாது என்று ரவுசும், அவருடன் வேலை செய்த டர்னரும் 1916ல் கண்டுபிடித்தனர். ராபர்ட்சன் என்ற டாக்டர் அந்த முறையில் ரத்தத்தைச் சேமித்து வைத்து, 1917ல் போர்முனையில் காயம் பட்ட வீரர்களுக்கு ஏற்றினார். இன்றைய ரத்த வங்கிகளின் தொடக்கம் அதுதான். இது ஒன்றே போதாதா ஒரு மனிதரின் புகழுக்கு?

ஆனால், கோழி அவரை விடவில்லை. 1933ல் அவரது நண்பர் ஷோப், காட்டு முயல்களுக்கு மரு உண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதை ஆராயும்படி ரவுசிடமே கொடுத்தார். அந்த மருக்களில் சில புற்றுநோயாக மாறுவதை ரவுஸ் கண்டார். பாலூட்டிகளிலும் இப்படி நடக்கிறது! ஐம்பத்தைந்து வயதில் மீண்டும் பழைய ஆராய்ச்சிக்குள் இறங்கினார்.

நோபல் பரிசுக்கு அவர் பெயர் 1926லேயே பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. அவருடைய மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் 1963ல் நோபல் பரிசு வாங்கி விட்டார், மாமனாருக்கு வரவில்லை! ஒரு வழியாக 1966ல், 87வது வயதில், ரவுசுக்குப் பரிசு கிடைத்தது. 1970 பிப்ரவரி 16ம் தேதி அவர் காலமானார்.

வேடிக்கை என்னவென்றால், மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால்தான் புற்றுநோய் வருகிறது என்ற கருத்தை ரவுஸ் கடைசி வரை ஏற்கவே இல்லை. அது தவறு என்று காட்டியது அவருடைய வைரஸேதான்!

எப்படி? நம் செல்லை ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். வாசலில் காலிங் பெல் இருக்கிறது அல்லவா? செல்லின் மேற்பரப்பில் உள்ள 'ஏற்பி' என்ற புரதம் அது போன்றது. வெளியிலிருந்து 'வளர வேண்டும்' என்ற செய்தி வந்தால், பெல் அடிக்கும். உடனே உள்ளே இருக்கும் வேறு புரதங்கள் ஒன்றிடம் ஒன்று சொல்லி, செய்தியை உள் அறை வரை கொண்டு போகும். செல் இரண்டாகப் பிரியும். அப்படிச் செய்தி சொல்லும் புரதங்களில் ஒன்றின் பெயர் 'சார்க்'.

ரவுஸ் கண்ட வைரஸிலும் சார்க் மரபணு இருக்கிறது. ஆனால் அது கோளாறானது. பெல் அடிக்காமலே, 'யாரோ வந்திருக்காங்க!' என்று வீட்டுக்குள் ஓயாமல் கத்திக் கொண்டே இருக்கும் வாண்டுப் பையனைப் போல! செல்லும் நிற்காமல் பெருகும், கட்டி வரும். இந்த மரபணு வைரஸின் சொந்தச் சரக்கு அல்ல, கோழியின் சாதாரண செல்லிலிருந்து அது எடுத்துக் கொண்டது என்பதை 1976ல் பிஷப், வார்மஸ் குழுவினர் கண்டுபிடித்தனர். சார்க் நம் உடம்பிலும் இருக்கிறது; நல்ல பிள்ளையாக வேலை செய்து கொண்டு! பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989ல் நோபல் பரிசு கிடைத்தது.

கத்தும் புரதத்தின் வாயை மருந்தால் மூட முடியுமா என்று அதன்பின் பலரும் தேடினார்கள். சார்க்கின் உறவுக்காரப் புரதம் ஒன்று ஒரு வகை ரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது. அதை அடக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரைக்கு 2001ல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. முன்பெல்லாம் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த அந்த நோய் வந்தவர்களில் பலர், இப்போது தினமும் மாத்திரை போட்டுக் கொண்டு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.