வலங்கைமான் வாத்தியாரும் வெள்ளைக்காரன் இங்கிலீஷும்

முதலில் என் கதையில் ஒரு துளி.

முதலாண்டு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிவலப் பாதையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல நானும் என் ரூம் நண்பனும் டீ குடிச்சிட்டு நின்னோம். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. கேட்டது புரிஞ்சது. பதில் தொண்டை வரைக்கும் வந்தது. அதுக்கு மேலே வரலை! கையை மட்டும் நீட்டிட்டு நகர்ந்துட்டோம். பக்கத்துல பூ வித்த அக்கா, தெரிஞ்ச நாலு வார்த்தையை வெச்சே அந்தப் பாட்டியை ஆட்டோவுல ஏத்திவிட்டாங்க. பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்ச நாங்க பார்த்துக்கிட்டு நின்னோம்.

தமிழ் மீடியத்திலிருந்து டிப்ளமோவுக்கு வந்த நம்மில் பலருக்கும் இந்தக் கூச்சம் உண்டு. வொர்க்‌ஷாப்பில் லேத்தை அருமையாக ஓட்டுவான். வைவாவில் வாய் திறக்க மாட்டான். இங்கிலீஷ் என்பது கான்வென்ட் பிள்ளைகளுக்கும் வெளிநாடு போனவர்களுக்கும் மட்டுமே வரும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் 'வெள்ளி நாக்கு' படைத்தவர் என்று உலகம் புகழ்ந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி.

கும்பகோணத்தில் கற்ற ஆங்கிலம்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22ஆம் தேதி பிறந்தார். காந்தியடிகளை விடப் பத்தே நாள் மூத்தவர். வைதிகக் குடும்பம், வசதி இல்லாத வீடு. பள்ளிக்கூடமும் கல்லூரியும் கும்பகோணத்திலேயே. அன்றைக்கு ரேடியோ கிடையாது, சினிமா கிடையாது, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் கிடையாது. கையில் இருந்தது புத்தகம் மட்டும்தான். ஆங்கில இலக்கியத்தையும் சமஸ்கிருதத்தையும் ஊன்றிப் படித்து, இரண்டிலும் முதல் வகுப்பில் தேறிப் பட்டம் வாங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தன் வீட்டில் கற்றதைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. ஒரு பக்கம் வால்மீகி, இன்னொரு பக்கம் ஆங்கில இலக்கியம். ஒரு மொழியில் ஒரு சொல்லின் எடையை அறிந்தவனுக்கு அடுத்த மொழியிலும் அந்த எடை பிடிபடும். கடைசிக் காலத்தில், 1944இல், சென்னையில் ராமாயணத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகள் அதற்குச் சாட்சி.

படிப்பு முடிந்ததும் வாத்தியார் வேலை. மாயவரம், சேலம் என்று பணியாற்றிவிட்டு, 1894இல் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். எட்டு வருஷம் அங்கே இருந்தார். தினம் தினம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே தன் மொழியைத் தீட்டிக்கொண்டார். நமக்கும் அனுபவம்தானே இது? அரியர் வைத்த நண்பனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே அந்தப் பாடம் புரிகிறது!

வகுப்பறையோடு நிற்கவில்லை. 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். பிறகு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, மிகக் குறைந்த ஊதியத்தில் பொது வாழ்வுக்கு வந்தார். 1915இல் கோகலே மறைந்ததும் அச்சங்கத்தின் தலைவர் ஆனார்.

கப்பலேறிய வாத்தியார்

இங்கிலாந்தில் படித்தவர் இல்லை அவர். அரசியல் தூதுக்குழுவில் 1919இல் லண்டன் போனபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. தலையில் வெள்ளைத் தலைப்பாகை, பேச்சில் அளந்து வைத்த சொற்கள். 1921இல் லண்டன் சாம்ராஜ்ய மாநாட்டிலும், ஜெனிவா சர்வதேச சங்கத்திலும், அதன்பின் வாஷிங்டன் கடற்படை மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதியாகப் பேசினார். ஆங்கில மொழி இத்தனை அழகானது என்பதே சாஸ்திரியின் பேச்சைக் கேட்டபோதுதான் தெரிந்தது என்று ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியின் முதல்வரே வியந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பாஷையை வெள்ளைக்காரனுக்கே ருசிக்க வைத்தவர் நம் காவிரிக்கரை வாத்தியார்!

அந்த நாக்கை எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் முக்கியம். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மூன்று நாடுகளுக்கும் போய், அங்கே குடியிருந்த இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1925இல் ஆஸ்திரேலியா தன் நாட்டில் வாழ்ந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை தந்தது. அதில் அவருடைய பயணத்துக்கும் பங்கு உண்டு.

எப்போதும் ஜெயித்தாரா? இல்லை நண்பர்களே. 1923இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியர்களுக்காக லண்டனில் போய் வாதாடினார். எவ்வளவு நல்ல ஆங்கிலம்! எவ்வளவு நியாயமான வாதம்! ஆனால் பிரிட்டிஷ் அரசு அங்கிருந்த இந்தியர்களுக்குச் சம உரிமை தரவில்லை. சாஸ்திரி நொந்துபோனார். அதிகாரம் காதைப் பொத்திக்கொண்டால் எந்த மொழியும் உள்ளே போகாது என்ற கசப்பான பாடம் அது. பேசியே சாதித்துவிடலாம் என்று நம்பிய மிதவாதி அவர். ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காததால் நம் நாட்டிலேயே நிறைய பேர் அவரை விமர்சித்தார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்ச்சிக் கட்டுரை ஆகிவிடும்.

டர்பனில் ஒரு பள்ளிக்கூடம்

ஆனாலும் மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகப் போனார். இந்த இடம் நமக்கு நெருக்கமானது. 1860லிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் வட ஆற்காட்டுச் சனங்கள் நிறைய பேர். நம்ம திருவண்ணாமலையும் 1989இல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காட்டோடு இருந்த ஊர்தானே! அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியைத் தாண்டிப் படிக்க வழி இல்லாமல் இருந்தது.

சாஸ்திரி வெள்ளைக்காரர்களின் கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார். சில இடத்தில் மரியாதை. 1928இல் கிளெர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் கலாட்டா செய்து கூட்டத்தையே குலைத்தார்கள். அவர் நிதானம் இழக்கவில்லை. இன்னொரு பக்கம் நேட்டால் இந்தியர்களிடம் நிதி திரட்டினார். அந்தக் காசில் டர்பனில் எழுந்த உயர்நிலைப் பள்ளிதான் 1929இல் திறக்கப்பட்ட 'சாஸ்திரி கல்லூரி'. ஆசிரியர்களை இந்தியாவிலிருந்தே வரவழைத்தார்கள். அதில் படித்து வந்த பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் வக்கீல்களாகவும் டாக்டர்களாகவும் ஆனார்கள். மேடையில் கேட்ட கைதட்டல் அன்றோடு போச்சு. இந்தப் பள்ளிக்கூடம் நின்றது.

தனக்குக் கிடைத்த 'சர்' பட்டத்தை 1928இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.

இன்னொரு விஷயம். காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் அல்லவா? அந்த ஆங்கிலத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரிதான். தன் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் காந்தி அவரை அண்ணனாகவே மதித்தார். 1946 ஜனவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். அந்த ஏப்ரல் 17ஆம் தேதி சாஸ்திரி காலமானார்.

நமக்கு என்ன?

நண்பா, நாமெல்லாம் சாஸ்திரி ஆக வேண்டாம். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் நம் வேலை நமக்குத் தெரியும் என்று நாலு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டாமா? மெஷின் கூட வரும் கையேட்டைப் படித்து, எங்கே தப்பு என்று மேலதிகாரிக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா? அதுக்கு லண்டன் போகணும்னு இல்லை. நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் ஒரு சின்னக் கதைப் புத்தகம் போதும். தினம் ஒரு பக்கம், வாய்விட்டு. தப்பா வந்தா நண்பர்கள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அவங்களும் நாளைக்கு வாய் திறப்பாங்க.

வெளிநாடு போக முடியாட்டாலும் நம்ம ஊருக்கு ஒரு வசதி இருக்கு. உலகமே மலையைச் சுற்ற இங்கே வருது! அடுத்த முறை யாராவது வழி கேட்டா நான் ஓட மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒருத்தர் ராஜகோபுரத்துக்கு வழி கேட்டார். தப்பும் தவறுமாத்தான் சொன்னேன். ஆனா அவர் சரியாப் போய்ச் சேர்ந்துட்டார்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை