சதுக்கத்தில் நிற்கும் விஞ்ஞான ஆசிரியர்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. அங்கே விபுலாநந்த சதுக்கத்திலுள்ள சிலையைப் பஸ் ஜன்னல் வழியாகக் கண்டிராத பழைய மாணவி நம்மில் இருக்க மாட்டார். இந்துத் துறவி ஒருவரின் சிலை என்ற அளவில் எங்கள் முஸ்லிம் ஊர்களில் பலர் அதைக் கடந்து விடுகின்றனர். தமிழில் விஞ்ஞானம் படித்த பெண்கள் அப்படிக் கடந்து போவது நியாயமன்று என்பது எமது எண்ணம்.

சுவாமி விபுலாநந்தர் 1892 மார்ச் 27 இல் காரைதீவில் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனன். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். 1916 இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறியதும் அதே ஆண்டில்தான். 1920 இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம். இரசாயனம் கற்பித்த கையோடு சங்க இலக்கியமும் படித்த மனிதர்! மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியை விட்டுச் சென்னை சென்று, 1924 இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். துறந்த பின்னும் கற்பித்தலை விடவில்லை. கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே.

யாழ் நூலைப் பற்றி எல்லோரும் எழுதுவர். வழக்கொழிந்த யாழ்களை இலக்கியச் சான்றுகளும் கணிதமும் கொண்டு மீட்டெடுத்த அந்தப் பல்லாண்டு உழைப்பு, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. எமக்கு அதைவிட நெருக்கமானது இன்னொரு பணி. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று படித்தவர்களே ஐயுற்ற காலம் அது. முடியும் என்று வாதாடுவதோடு நில்லாமல், துறை துறையாகச் சொற்களை ஆக்கும் வேலையில் அவர் இறங்கினார்.

உயர்தரத்தில் உயிரியலையும் இரசாயனவியலையும் தமிழில் எழுதியே நாம் மருத்துவ பீடத்துக்குப் போனோம். அங்கே எல்லாம் ஆங்கிலமாகி முதல் வருடம் திணறியது வேறு கதை. ஆனால் இன்று வார்டில் ஒரு தாயிடம், உம்மா, பிள்ளையின் இரத்தத்தில் இன்னது குறைந்திருக்கிறது என்று விளக்கும்போது, கைகொடுப்பது பாடசாலையில் படித்த அந்தத் தமிழ்தான். அந்த விளக்கம் புரியாவிட்டால் மருந்தும் ஒழுங்காகப் போகாது.

நூல் அரங்கேறிச் சில வாரங்களில், 1947 ஜூலை 19 இல், கொழும்பில் அவர் மறைந்தார். ஐம்பத்தைந்தே வயது. உடல் கல்லடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நிறுவிய பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. மலர்களைப் பற்றி அவர் இயற்றிய கவிதை அந்தச் சமாதியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் கல்லடிப் பாலத்துக்கு முன்னே இறங்கிப் பார்க்கலாம்.