கில்பர்ட் சிலேட்டரும் தமிழக ஊராய்வு மரபும்

முன்னுரை

சமூக அறிவியல் ஆய்வுக்கு நிதி நல்கும் அமைப்புகள் இன்று பல உள்ளன. 1969இல் தோன்றிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் பல்கலைக்கழக மானியக் குழுவும் முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு உதவித்தொகை வழங்குகின்றன. மக்கள்தொகை ஆய்வுக்கென 1956 முதல் மும்பையில் தனி நிறுவனம் இயங்குகிறது. நல்கை அறிவிப்பு வெளிவருந்தோறும் தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு என்பனவே முதலில் எழும் வினாக்கள். அந்நல்கையால் திரளும் தரவு அடுத்த தலைமுறைக்குப் பயன்படுமா என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும். அதற்குரிய சான்றினைக் கில்பர்ட் சிலேட்டரின் வாழ்வில் காணலாம்.

இங்கிலாந்தில் சிலேட்டர்

சிலேட்டர் 1864இல் பிளிமத் நகரில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் பயின்றார். இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையானபோது உழுகுடிகள் அடைந்த நிலையை ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார். 1905இல் உல்விச் நகரத் தந்தையானார். 1909 முதல் 1915 வரை ஆக்சுபோர்டில் தொழிலாளர் பயிலும் இரசுகின் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். ஊர், நிலம், உழைப்பு ஆகிய மூன்றும் சென்னைக்கு வருமுன்னரே அவருடைய ஆய்வுப் பொருள்களாக இருந்தன.

சென்னையில் ஊராய்வு

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். தென்னிந்தியச் சிற்றூர்களின் பொருளியலை அறிய நூல்கள் மட்டும் போதா என்று கருதி, மாணவரையே களத்துக்கு அனுப்பினார். அவர்கள் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லுகையில் ஒரு வினாநிரலை உடன் கொண்டு சென்றனர். ஊரின் மக்கள்தொகை, சாதிகள், நிலவுடைமை, கூலி, கடன் முதலியன அவ்வினாக்களில் அடங்கின. 1916இல் தொகுத்த செய்திகள் 1918இல் பல்கலைக்கழகப் பொருளியல் வரிசையின் முதல் நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுர வடமலைபுரம், நெல்லைக் கங்கைகொண்டான் ஆகியன அந்நூலில் இடம்பெற்ற தமிழகச் சிற்றூர்கள்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அக்காலத்தில் கல்லூரிக்கு வந்தோருள் மிகப் பலர் நிலமுடைய, உயர்சாதிக் குடும்பத்தினர். ஆகவே சேரியின் வாழ்வு பெரும்பாலும் ஊர்த்தெருவில் நின்று நோக்கிய அளவிலேயே பதிவாகியிருக்கும். கேட்பவர் யார் என்பது கிடைக்கும் விடையையும் மாற்றும்.

மீளாய்வுகள்

சிலேட்டர் 1920களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறுகளை ஆராயும் நூலை 1924இல் வெளியிட்டார். தமிழ் ஆய்வுலகம் அவரைப் பெரிதும் அறிவது இந்நூலால்தான். 1938இல் மறைந்தார். அதற்கு முன்பே, 1936-37இல், பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருட்டிணனும் அதே ஊர்களில் மீளாய்வு நிகழ்த்தினர். அது 1940இல் நூலாயிற்று. 1961இல் மார்கரெட் ஆசுவெல் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தார். இருவேல்பட்டில் ஆய்வு 2008 வரை தொடர்ந்தது. ஓர் ஊரின் ஏறத்தாழ நூற்றாண்டு மாற்றத்தை ஒப்பிட இயன்றது, முதற்பதிவு கிடைத்தமையால்தான்.

அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் நீரூட்டும் இலால்குடி வட்டம் இதற்கு இணையான மற்றொரு சான்று. சப்பானிய அறிஞர் அருகா யானகிசவா இவ்வட்டத்து நிலவரித்திட்டப் பதிவேடுகளைக் கொண்டு 1895க்கும் 1925க்கும் இடையே நிலவுடைமை சாதிகளிடையே கைமாறிய வகையை ஆராய்ந்தார். வரி தண்டுவதற்காக எழுதப்பட்ட ஏடு, பல பதிற்றாண்டுகளுக்குப்பின் சமூக வரலாற்றின் மூலமாயிற்று.

முடிவுரை

சிலேட்டர் சென்னையில் பணியாற்றியது சில ஆண்டுகளே. ஊர்ப்பெயர், ஆண்டு, கேட்ட வினா, கிடைத்த விடை ஆகியவற்றை ஒழுங்குறப் பதிந்து அச்சேற்றியமையால் அவர் பணி பிறர் கையில் தொடர்ந்தது. நல்கை வழங்குவோரும் பெறுவோரும் களத்தரவினை மீளாய்வுக்கு உதவும் வகையில் பேணுவதற்கெனத் திட்டத்தொகையில் ஒரு பகுதியை ஒதுக்குதல் வேண்டும். அன்று வினவப்படாத சேரியின் பிள்ளைகள் இன்று ஆய்வாளராக வருகின்றனர். அவர்கள் தம் ஊரிலேயே ஆய்வு நிகழ்த்த நல்கை துணைநிற்குமாயின், 1916இன் பதிவில் விடுபட்ட பக்கங்கள் நிரம்பும்.