கூடைப்பந்து கண்ட நெய்ஸ்மித்

1861-இல் கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், இளமையிலேயே பெற்றோரை இழந்து, பின்னர் இறையியல் பயின்றவர். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், பனிக்காலத்து மாணவர்க்கென 10 அடி உயரத்திற் கூடை கட்டிக் கூடைப்பந்தை வகுத்தார். பந்தை ஏந்தி ஓடலாகாதென்பது அவர்தம் 13 விதிகளுள் ஒன்று. ஆதலின் எத்துணை நெடியவனும் தோழரை நாடியே தீரவேண்டும். கூடைதோறும் நடுவிற் பந்தெறியும் வழக்கம் 1937-இல் ஒழியுமளவும் நெடிய நடுவாட்டக்காரர்க்கு ஏற்றம் மிகுந்திருந்தது. ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற பக் துரையவர்கள் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளி நிறுவினார். நெய்ஸ்மித் 1939-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

வால்பாறை மலையினின்று வந்த நம் நெடிய தோழரிடம் பந்தை எறிந்துவிட்டு, நாம் வாளா நின்று தோற்றதுண்டு. இருவர் அவரைச் சூழுங்கால் ஏனையோர் கூடைநோக்கி ஓடுவதும், அவர் காவலற்றவர்க்குப் பந்தளிப்பதுமே அவ்விதியின் உட்பொருளென உணர்வோமாக.